‘தெரியல’ என்று ஒரு வார்த்தை

என் தம்பியும் என் வீட்டுக்காரரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். "அக்கா, அவரை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு" என்பான் தம்பி. அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். "உன் தம்பி குளிச்சாச்சான்னு கேளு, நான் போகணும்" என்பார் இவர். நான் என்ன தந்தி ஆபீசா? இருவருக்கும் சேர்த்து ஒரு கத்து கத்துவேன். கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை என்று என் தம்பி நம்ப வேண்டும். நம்பி, ‘மாமா’ என்று பழைய மாதிரி ஒரு தடவை கூப்பிட வேண்டும்.

கட்டடம் கட்டுகிற இடத்தில் உயரமாக ஒரு மஞ்சள் கிரேன் நிற்குமே, அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுவதுதான் என் வீட்டுக்காரர் வேலை. காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடு மேலேயே. ஒன்றுக்குப் போவதும் மேலேயே, ஒரு பாட்டிலில். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் மேல்மாடி. "என்னய்யா, மேல்மாடி இன்னிக்கும் காலிதானா?" என்று தினமும் அதே ஜோக்கைச் சொல்லி அதே மாதிரி சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மனுஷனுக்குக் கோபமே வராது. எங்கள் வீட்டில் கோபப்படுகிற பொறுப்பு முழுக்க என்னுடையது.

முன்னே குடித்துக்கொண்டிருந்தவர்தான். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கல்யாணமான புதிதில் சம்பள நாளன்று தள்ளாடிக்கொண்டு வந்து, செருப்போடு கட்டிலில் விழுவார். கிரேன் லைசென்ஸ் கைக்கு வந்த அன்று விட்டார். "அங்கேருந்து ஏதாவது விழுந்தா சாகறது நான் இல்ல, கீழ நிக்கறவன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் குடியை விடுவது சுலபம், குடிகாரன் என்ற பெயரை விடுவது லேசில் நடக்கிற காரியமா?

தம்பியை வளர்த்தது நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. சீர்வரிசையோடு சேர்த்து அவனையும் கூட்டிக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் முகம் சுளித்ததே இல்லை. "மாப்ள, மாப்ள" என்று தோளில் கை போட்டுக்கொண்டுதான் திரிந்தார். பெரியவனானதும் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதே கிரேனுக்குக் கீழே சிக்னல்காரன் வேலை. சுமையை எந்தப் பக்கம் திருப்புவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு இறக்குவது என்று கீழே ஒருவன் நின்று கையாலும் வாக்கிடாக்கியாலும் சொல்ல வேண்டும். அவனுக்குக் கைகாட்டி என்று பெயர் வைத்தார்கள். மேல்மாடியும் கைகாட்டியும் என்றால் அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு பழக்கம் இருந்தது. சுமை வந்து தலைக்கு மேலே நின்றதும், அது உட்கார வேண்டிய இடத்தில் தம்பி தன் வலது கையை வைத்துக் காட்டுவான். தூரத்திலிருந்து தெரிவதற்காகப் பளீரென்ற ஆரஞ்சுக் கையுறை போட்டிருப்பான். கை அங்கே இருக்கும் வரை இவர் ஒரு அங்குலம் இறக்க மாட்டார். கை போனால்தான் இறக்குவார். தொங்குகிற சுமைக்குக் கீழே கையை நீட்டவே கூடாது என்று பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். "அதெல்லாம் மத்தவங்களுக்குக்கா. மாமா கண்ணு என் கையிலயேதான் இருக்கும்" என்பான். எனக்கும் அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது, பாவி.

அன்றைக்குத் தூக்கியது ஒரு கான்கிரீட் படிக்கட்டு. வேறு எங்கோ வார்த்து லாரியில் கொண்டுவந்து, அப்படியே தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவே பொருத்துவார்கள். அதைத் தூக்கித் திருப்பிக்கொண்டிருந்தபோதுதான், என் வீட்டுக்காரருக்கு எதிரே எடை காட்டும் எண்ணில் நடு இலக்கம் காணாமல் போனது. வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணில் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டு நிற்குமே, அப்படித்தான் என்று நினைத்தார். பொட்டு போகவில்லை. ஓரத்தில் மினுமினுக்க ஆரம்பித்தது. கண்ணாடியில் அழுக்கு என்று துண்டை எடுத்துத் துடைத்தார். கண்ணைக் கசக்கினார். இடது கண்ணை மூடினார், இருந்தது. வலது கண்ணை மூடினார், அப்போதும் இருந்தது. இரண்டையும் இறுக்கி மூடினார். மூடிய கண்ணுக்குள்ளும் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு அது வளர்ந்தது. ரம்பப் பல் மாதிரி கோணல்மாணலாக ஒரு கோடு, பிறையாக வளைந்து, கறுப்பும் வெள்ளையுமாக நிற்காமல் மின்னிக்கொண்டே பெரிதானது. அந்த வளைவுக்குள்ளே இருட்டுகூட இல்லை. இருட்டாக இருந்தால் இங்கே பார்வை போய்விட்டது என்றாவது புரியும். அங்கே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். பக்கத்துச் சுவரின் சாம்பல் நிறமே அந்த இடத்திலும் பரவி, ஒரு குறையும் இல்லாத சுவர் மாதிரி நின்றது. வலியும் இல்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பேன் என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். கண் போய்விட்டது, இனிமேல் குருடன்தான் என்று அந்தக் கூண்டுக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டார்.

கிரேன் நின்றது. படிக்கட்டு லேசாக ஆடிக்கொண்டு அந்தரத்தில் தொங்கியது.

"என்னய்யா மேல்மாடி, தூங்கிட்டியா?" என்று வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் குரல் வந்தது.

"தெரியல சார்" என்றார் இவர்.

"என்னது தெரியல? நேத்து வெச்சியே, அதுக்கு நேர் மேல. புதுசா வேலைக்கு வந்தவன் மாதிரி பேசற?"

"இல்ல சார், தெரியல."

"தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சுக்கய்யா! கான்கிரீட் வண்டி வாசல்ல நிக்குது. நீ தெரிஞ்சுக்கற வரைக்கும் எல்லாரும் வாயைப் பாத்துட்டு நிக்கணுமா?"

நம் பேச்சை நான் என்னவென்று சொல்ல? கண்ணுக்குத் தெரியாததும் ‘தெரியல’தான், மண்டைக்குத் தெரியாததும் ‘தெரியல’தான். என் தம்பியும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றான். மாமாவுக்கு இடம் குழம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டான். நாலு பேர் கேட்க அவரை அப்படித் திட்டுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. "இருங்க மாமா, நான் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய், படிக்கட்டு உட்கார வேண்டிய விளிம்பில் கையை வைத்தான்.

வாக்கிடாக்கியில் ஒருவர் பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் குரல் போகாது. சூப்பர்வைசர் பட்டனை விடவே இல்லை. "காட்டிட்டான்ல? பாத்துட்டல்ல? இறக்கு, இறக்கு, இறக்கு!" தம்பி கீழே என்ன கத்தியிருந்தாலும் மேலே கேட்டிருக்காது. மாமா பார்க்கட்டும் என்று தலையை நிமிர்த்திக் கூண்டைப் பார்த்தபடி கையை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். இவர் பார்த்தார். விளிம்பு தெரிந்தது. ஆரஞ்சு நிறம் தெரியவில்லை. இறக்கினார்.

மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

எல்லோரும் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது இவர் இன்னும் மேலேதான் இருந்தார். கண்ணில் இருந்த ரம்பம் அதற்குள் ஓரத்துக்கு நகர்ந்து மறைந்துவிட்டதாம். அது போன கையோடு தலையில் ஒரு பக்கம் மட்டும் பிளக்கிற மாதிரி வலி. ஏணியில் இறங்கும்போதே இரண்டு தடவை வாந்தி. கீழே வந்து நின்றபோது கால் தள்ளாடியது, கண் சிவந்திருந்தது, நாக்குக் குழறியது. சூப்பர்வைசருக்கு அது போதாதா? மேலே ஆளை அனுப்பிக் கூண்டில் பார்க்கச் சொன்னார். பாட்டில் இருக்கிறது என்று அவன் மேலேயிருந்து கத்தினான். என்ன பாட்டில், அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு அங்கே ஒருவருக்கும் மூக்கு இல்லை. ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேல்மாடி குடித்துவிட்டு வண்டி ஓட்டினான், மச்சான் கையை நசுக்கினான். கதை முடிந்தது.

நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் வாயை ஊதச் சொன்னேன். பழைய பழக்கம், எனக்கு அந்த வாசனை அடுத்த தெருவிலிருந்தே தெரியும். வாந்தி நாற்றம்தான் இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து நான் அவர் பக்கம். எதிர்த்துப் பேசியவர்கள் அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்றேன். தம்பியிடம்தான் முடியவில்லை. "கண்ணுக்குள்ள ரம்பம் மாதிரி ஒண்ணு சுத்துச்சாம்டா" என்று அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே சொன்னேன்.

"குடிச்சா ரம்பமும் சுத்தும், யானையும் சுத்தும்" என்றான்.

டாக்டரிடம் காட்டலாம் வாருங்கள் என்று இவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், கெஞ்சினேன், மிரட்டினேன். மசியவில்லை. கண் போய்விட்டது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்பதற்கு அவருக்குப் பயம். மறுபடி வராததால் அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டால் போய்விடும் என்று ஒரு நப்பாசை. கிரேனிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறொரு கட்டடத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தில், தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்குகிற வேலை கிடைத்தது. மேல்மாடியைப் பூமிக்கு அடியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தம்பிக்கு அந்தக் கம்பெனியிலேயே வாசலில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். காலையில் இடது கையால் சட்டைப் பொத்தானோடு அவன் மல்லுக்கட்டுவதை இவர் கதவோரம் நின்று பார்ப்பார். நான் போய்ப் போட்டுவிடப் போனால் தம்பி கையைத் தட்டிவிடுவான்.

இப்படியே ஒரு வருஷம் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அதை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உன் மூக்கைக் காணோம்" என்றார்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கவனிச்சீங்களாக்கும்" என்றேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. நாற்காலிப் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "வந்துருச்சு. அதேதான். பல்லு பல்லா..." என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வளர்கிறது, வளைகிறது, ஓரத்துக்குப் போகிறது, போய்விட்டது. அடுத்து வலி வந்தது, அதன் பிறகு வாந்தி. எனக்கு அந்தக் கிரேன் ஏணியைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது.

இந்தத் தடவை நான் அவரைக் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போனேன். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அங்கே தலையை ஸ்கேன் எடுத்தார்கள், அதிலும் கோளாறு எதுவும் இல்லை. நரம்பு டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். ஒரு பேனாவைக் கொடுத்து, "என்ன பாத்தீங்களோ அதை வரைஞ்சு காட்டுங்க" என்றார். இவர் பிறையாக ஒரு ரம்பம் போட்டார். டாக்டர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். வேறு யாரோ ஒரு நோயாளி வரைந்த படம். அச்சு அசல் அதே ரம்பம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல. மூளையில பார்வைக்குன்னு இருக்கற எடத்துல ஒரு அலை மாதிரி போகும், அப்ப இப்படித் தெரியும். மைக்ரேன்னு சொல்றோம்ல, அதுதான். சிலருக்கு வலிக்கு முன்னாடி இது வரும்" என்றார் டாக்டர். "பேச்சுகூடக் கொஞ்சம் குழறும். பாக்கறவங்க குடிச்சிருக்கார்னுகூட நெனச்சுக்குவாங்க."

"டாக்டர், இதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். உயிருக்கும் ஆபத்தில்லை, பார்வைக்கும் ஆபத்தில்லை, ஆனால் கிரேனுக்குப் போக வேண்டாம் என்றார். அது என் காதில் ஏறவே இல்லை. எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி முன்னறையில் உட்கார்ந்திருந்தான். இவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படம் வரைந்தது, போனில் காட்டியது, நாக்குக் குழறுவது, குடித்த மாதிரி தெரிவது, எல்லாம். "நான் சொன்னேனாடா இல்லையாடா? தலையில அடிச்சுச் சொன்னேனா இல்லையா?" என்றேன். அவன் டிவியை நிறுத்தினான். முகம் மெல்ல மெல்ல இளகுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"எவ்ளோ நேரம் இருக்குமாம்க்கா அது?" என்று கேட்டான்.

"இருபது நிமிஷம்டா. மிஞ்சிப்போனா அரை மணி நேரம். தானா வரும், தானா போயிரும். ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா உக்காந்திருந்தாப் போதுமாம்!" என்றேன் சந்தோஷமாக. என் வாயில் இடி விழ.

அவன் எழுந்து வாசல் பக்கம் போனான்.

"மாமா" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

"அன்னிக்கு நான் உங்களுக்குத் தெரிஞ்சேனா மாமா?"

"இல்லடா மாப்ள."

"தெரியலங்கறது உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். இவர் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். "தெரிஞ்சுது" என்றார்.

"அப்ப ஏன் சும்மா தெரியல, தெரியலன்னீங்க? கண்ணு தெரியலன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா?"

"கண்ணுன்னு வாய் வரைக்கும் வந்துச்சுடா. எல்லாருக்கும் கேக்குமே. கண்ணுன்னு ஒரு தடவை சொல்லிட்டா அதுக்கப்புறம் எவன் என்னை மேல ஏத்துவான்? முழுங்கிட்டேன். சுத்தமாவும் தெரியாம இல்ல, பாதி தெரிஞ்சுது. பழகின எடம்தானே, வெச்சிரலாம்னு நெனச்சேன். கை இருந்தா துளி ஆரஞ்சாவது தெரியும்னு..."

ஒரு வருஷம். இந்த மனுஷனுக்காக நான் ஊர் வாயில் விழுந்து புரண்ட ஒரு வருஷத்தில் இதை என்னிடம் அவர் சொல்லவே இல்லை. ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் அந்தக் ‘கண்’ என்ற வார்த்தையை முழுங்கியதை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். "அடப்பாவி" என்று எனக்கு வாய்விட்டே வந்துவிட்டது.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். என் பக்கம் திரும்பிச் சொன்னான். "குடிச்சிருந்தார்னு நெனச்சேன்க்கா. குடிச்சவனுக்கு என்ன தெரியும், நிதானத்துல இல்லாம பண்ணிட்டார், போகட்டும்னு இன்னும் கொஞ்ச நாள்ல விட்டிருப்பேன். நெஜமாத்தான் சொல்றேன், மனசு வந்துட்டே இருந்துச்சு. இவர் நிதானத்துலதான் இருந்திருக்கார்."

உள்ளே போய்த் துணிகளை எடுத்துப் பையில் திணித்தான். கூட வேலை செய்கிறவன் ஒருவனுடைய அறைக்குப் போகிறேன் என்றான். நான் குறுக்கே நின்று பார்த்தேன், அழுது பார்த்தேன். "நீ டாக்டர்கிட்ட போகாமலே இருந்திருக்கலாம்க்கா" என்றான். திணித்த பையின் ஜிப் ஒற்றைக் கைக்கு வரவில்லை. முழங்காலால் அழுத்தினான், பல்லால் இழுத்தான். நான் போவதற்குள் இவர் குனிந்து பையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தார். தம்பி ஒரு நிமிஷம் அந்த இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு இடது கையால் ஜிப்பை இழுத்து மூடினான். மூடிய பிறகும் இவர் பிடித்த பிடியை விடவில்லை.

"விடுங்க மாமா" என்றான் தம்பி. பையைத்தான் சொன்னான்.